வியாழக்கிழமை நுரை

கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருக்கிறேன். வானகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஏழாவது மாடி, ஒரு சமையலறை. மதியம் இரண்டு, இரண்டரை இருக்கும். தரை ஜில்லென்று இருக்கிறது. சின்ன டார்ச்சை வாயில் கடித்திருக்கிறேன். பாத்திரம் கழுவும் மிஷினை நான் வருவதற்கு முன்பே காலி செய்து வைத்திருந்தார்கள். அதன் அடித்தகட்டைக் கழற்றியாயிற்று. டார்ச் வெளிச்சம் போகிற இடமெல்லாம் நுரை.

அது அழகாக இருந்தது. பழுது பார்க்கப் போனவள் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குமிழியிலும் கொஞ்சம் ஊதா, கொஞ்சம் பச்சை. ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பது மெதுவாக நகர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். காதைக் கிட்டே வைத்தால் 'சிஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வந்த வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

படுத்துக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு மனிதர்கள் முதலில் பாதங்களாகத்தான் தெரிவார்கள். அன்றைக்குச் சமையலறை வாசலில் இரண்டு ஜோடிப் பாதங்கள். ஒன்று பஞ்சுச் செருப்புப் போட்டது. அது வித்யா மேடம், வீட்டுக்குச் சொந்தக்காரர். வீட்டில் இருந்தபடியே ஏதோ கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர். இன்னொன்று வெறுங்கால், ஈரக்கால். குதிகாலில் வெடிப்பு, விரலில் தேய்ந்துபோன மெட்டி. அது அமுலு. நாலு வருஷமாக அங்கே வேலை செய்கிறவள். பெருக்கித் துடைத்து, பாத்திரங்களை மிஷினில் அடுக்கி ஓட்டிவிட்டுப் போவாள்.

பஞ்சுச் செருப்பு கேட்டது: "ஏங்க, என்ன ப்ராப்ளம்னு தெரிஞ்சுதா?"

"நுரை மேடம்," என்றேன், டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

அந்த இடத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருப்பதால் கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதிய நேரத்து வீடுகள்

என் வேலை நேரம் மதியம்தான். காலையில் எந்த வீட்டிலும் மெக்கானிக்குக்கு இடம் கிடையாது. டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன், குளியலறைக்கு வரிசை என்று வீடே ஓடிக்கொண்டிருக்கும். பதினொரு மணிக்கு மேல் எல்லாம் அடங்கும். அதிலிருந்து நாலு மணி வரை மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கிற அத்தனை அடுக்குமாடிகளும் அரைத் தூக்கத்தில் இருக்கும்.

லிஃப்ட் கதவு திறந்தால் நீளமான வராந்தா. எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். எங்கேயோ ஒரு குக்கர் ஒரே ஒரு விசில் அடித்துவிட்டு நின்றுபோகும். யார் வீட்டு ரசமோ மணக்கும். ஸ்பேனர் பை தோளில் குலுங்குகிற சத்தம் மட்டும் என் பின்னாலேயே வரும். அந்த நேரத்தில் நான் நிஜமாகவே இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். அது சுகமான சந்தேகம்.

உள்ளே போனால் வாஷிங் மெஷின் வைத்திருக்கிற மூலை. ஈரத்துணி வாசனை, சோப்புத்தூள் வாசனை, ரப்பர் கொஞ்சம் சூடான வாசனை. எனக்கு அது பிடிக்கும். கோயில் கர்ப்பக்கிரகத்தில் ஒரு வாசனை இருக்குமே, எண்ணெயும் ஈரக் கல்லும் கலந்து, அதற்கு அடுத்தபடியாக இதுதான் என்று என் வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொன்னேன். "வெளிய சொல்லிடாத, சிரிப்பாங்க," என்றார். இதோ சொல்லிவிட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாஷிங் மெஷின் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் இருந்தேன். டிரம்முக்குப் பின்னால் பெல்ட்டை மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் டிரம் சுற்றும். என் பெண் பிறந்தபோது மயக்கத்தில் கூட சுற்றியது. அந்த லைனை மூடிய அன்று கூட இருந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். எனக்குத் தூக்கம்தான் வந்தது. ஒரு வாரம் தூங்கினேன். எழுந்து போய் ஸ்பேனர் பை வாங்கினேன்.

"உன்ன எவன் கூப்பிடப் போறான்?" என்றார் வீட்டுக்காரர். எவனும் கூப்பிடவில்லை. பெண்கள் கூப்பிட்டார்கள். வீட்டில் தனியாக இருக்கிற நேரத்தில் கதவைத் திறந்துவிட ஒரு பொம்பளை மெக்கானிக் கிடைத்தால் விடுவார்களா? 'மிஷின் அக்கா' என்று பெயர் வைத்துக் கையிலிருந்து கைக்கு என் நம்பரைக் கொடுத்தார்கள். என் சொந்தப் பெயர் இப்போது ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் அம்மா சென்னீர்குப்பத்தில் நாற்று நட்டவர் என்று போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ எழுதியிருந்தேன். அந்த வயலில் இப்போது கிடங்கு நிற்கிறது. அதைப் பற்றி உருகி எழுதுங்கள் என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். மாட்டேன் ஐயா. அந்தச் சேற்றில் அட்டை கடிக்கும். சந்தேகமாக இருந்தால் அம்மாவின் காலைப் பாருங்கள், தழும்பு இருக்கிறது.

கயிறு கட்டின மிஷின்

குமணன்சாவடியில் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. வாஷிங் மெஷின் நடக்கிறதாம். துணி பிழியும்போது குளியலறையில் கிளம்பி ஹால் வரைக்கும் வந்துவிடுகிறதாம்.

போய்ப் பார்த்தால், திமிறுகிற கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி, ஜன்னல் கம்பியில் நைலான் கயிறு போட்டு மிஷினைக் கட்டியிருக்கிறார்கள். கயிறு உரசி உரசி மிஷினின் மூலையில் பெயின்ட் போயிருந்தது. வீட்டுக்காரர் பென்ஷன் வாங்குகிற வயது. ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "ஒன்னியும் இல்லமா. பியியச் சொல்லோ கொஞ்சம் கோவப்படுது. அப்பால சாந்தமாய்டுது."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கக் கம்பெனியில் நாலு போல்ட் போட்டு இறுக்கி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்ற வேண்டும். அந்த நாலும் அப்படியே இருந்தன. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடவில்லை. ஆட முடியாத டிரம், முழு மிஷினையும் தூக்கிக்கொண்டு ஆடியிருக்கிறது.

நாலு போல்ட்டையும் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அடுத்த ஓட்டத்தில் மிஷின் நின்ற இடத்தில் நின்றது. சத்தமே இல்லை. அவர் கொஞ்ச நேரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா ஊடு வெறிச்சினு ஆய்ட்ச்சிமா," என்றார்.

மிஷின் பாதிதான் தானாகக் கெடும். மீதி, அந்த வீட்டு மனுஷர்கள் அதை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ அதில் இருக்கும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் பையை இறக்குவதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: இதில் தினமும் யார் கை வைக்கிறார்கள்? யார் வாங்கினார்கள் என்பது எனக்கு வேண்டாம். கை வைக்கிறவரைக் கூப்பிடுங்கள், அவரிடம்தான் பேசுவேன்.

எல்லா வீட்டிலும் கேட்பேன். வானகரத்தில் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எத்தனையோ மதியம் யோசித்திருக்கிறேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேடம் 'வாங்க, உக்காருங்க' என்று நாற்காலி போட்டார். என்னைப் படித்தவளைப் போல நடத்தினார். அதில் குளிர்ந்துபோய், கை வைக்கிறவளை விட்டுவிட்டு நாற்காலி போட்டவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு, வேறென்ன.

என் வாய்

சரி, நுரைக்கு வருகிறேன்.

பாத்திரம் கழுவும் மிஷினுக்கென்று தனிப் பொடி உண்டு. அது நுரைக்காது. கையால் தேய்க்கிற சோப்பு கொஞ்சம் உள்ளே போனால் போதும், நுரை பொங்கிக் கதவிடுக்கு வழியாக அடித்தட்டில் இறங்கிவிடும். அங்கே ஒரு மிதவை இருக்கிறது. ஈரம் சேர்ந்தால் அது எழும்பும். எழும்பினால் மிஷின் பயந்துவிடும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 'உர்ர்' என்று தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வித்யா மேடம் வீட்டில் அதுதான் நடந்திருந்தது.

"கையால தேய்க்கிற சோப்பு மேடம்," என்றேன், எழுந்து உட்கார்ந்து. "யாரோ உள்ள ஊத்தியிருக்காங்க."

யாரோ என்றுதான் சொன்னேன். அந்த வீட்டில் மிஷினில் கை வைப்பவள் ஒருத்திதானே.

மேடம் கத்தாமல், ரொம்பச் சாதாரணமாகப் பேசினார். "நாலு தடவை நின்னிருக்கு. நாலும் வியாழக்கிழமை. மத்த நாள்ல நல்லா ஓடுது. வியாழக்கிழமைதான் காலைல பூரா எனக்கு மீட்டிங். ரூமை விட்டு வெளிய வர மாட்டேன்."

அமுலுவின் பக்கம் திரும்பினார். "மிஷின் வந்ததுலேருந்தே உனக்குப் பிடிக்கலைன்னு தெரியும் அமுலு. வேலை போயிடும்னு பயமா? நான்தான் உன்னை நிறுத்தலையே. அதுக்காக இப்படியா பண்ணுவ?"

"நான் ஊத்தல மேடம்," என்றாள் அமுலு.

"அப்ப யாரு?"

அமுலு என்னைப் பார்த்தாள். கேள் என்று சொல்கிற பார்வை அது. இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது அகப்பட்டுக்கொண்டவளின் பார்வையாகப் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் படுத்து நுரையைத் துணியால் ஒற்ற ஆரம்பித்தேன். ஈரக்கால் இரண்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. அப்புறம் இல்லை.

அடித்தட்டைத் துடைத்துக் காயவைத்தேன். கொஞ்சம் வினிகர் ஊற்றி வெறும் மிஷினை ஓட்டி மிச்ச நுரையை அடக்கினேன். என் நம்பர் போட்ட ஸ்டிக்கரைக் கதவோரத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்பினேன். அரை மணியில் கண்டுபிடித்துவிட்டோமே என்று லிஃப்ட் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டிக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நான், கெட்டது இன்னொருத்தி.

குமணன்சாவடி ஜூஸ் கடை

அடுத்த வாரம் புதன்கிழமை. ஆவடியில் ஒரு மொட்டை மாடியில் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"மிஷின் அக்காவா? நான் அமுலு பேசறேன். வானகரத்து ஊடு. மிஷின் கதவுல நம்பரு ஒட்டிக்கினு போனீங்கல்ல, அன்னிக்கே போட்டோ புட்ச்சி வச்சிக்கினேன்."

"சொல்லுமா."

"உங்கள பாக்கணும்க்கா. நேர்ல சொல்றேன்."

மறுநாள் பதினோரு மணிக்குக் குமணன்சாவடி பஸ் ஸ்டாப் பக்கத்து ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். அவள் சென்னீர்குப்பத்தில் இருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள். சாத்துக்குடி ஜூஸ் சொன்னேன். வெயிலில் சாலையே ஆவியாகிப் போகிற மாதிரி இருந்தது. பெங்களூர் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து, புழுதியை விட்டுவிட்டுப் போயின. திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து இரண்டு மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"கேட்ல என் பேர எட்த்துட்டாங்கக்கா. செக்யூரிட்டி போன்ல தட்டுனா செவப்பா வர்து. அந்த பில்டிங்ல நாலு ஊடு செய்றேன். மேடம் பொம்பளைங்க குரூப்புல போட்டுட்டாங்க. மத்த மூணு ஊட்லயும் 'இப்ப வராத, அப்புறம் சொல்றோம்'னு சொல்ட்டாங்க. இன்னும் சொல்லல."

நாலு வீடும் போனால் அவளுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அதோடு முடிவதும் இல்லை. பொருளைக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கிவிட்டால் பக்கத்து பில்டிங்கிலும் சேர்க்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்திருக்கிறேன்.

"நீ ஊத்துனியா அமுலு?" ஒரு வாரம் தாமதமாகக் கேட்டேன்.

"ஊத்தலக்கா. தேச்சேன்."

"புரியல."

அவள் ஜூஸ் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "வியாயக்கெயம மேடம் சாமி வெளக்க மிஷின்ல வைப்பாங்கக்கா. காமாட்சி வெளக்கு. வெள்ளிக்கெயமைக்குப் பளபளன்னு இருக்கணும்னு. போன மாசத்துலேர்ந்துதான் இப்டி. மேல்தட்டுல வச்சிட்டு மீட்டிங்குக்குப் பூடுவாங்க. கீய்த்தட்டுல இன்னா கீது? ராத்திரி துன்ன தட்டு, மீன் கொயம்பு கிண்ணம், எச்சி டம்ளரு. எல்லாத்துக்கும் ஒரே தண்ணி. அதே தண்ணி மேலயும் கீயயும் சுத்திச் சுத்தி அடிக்குது. எச்சித் தண்ணி சாமி வெளக்கு மேல அடிக்கலாமா, நீங்களே சொல்லுங்க."

டம்ளரிலிருந்து வழிந்த ஈரத்தில் மேஜைமேல் இரண்டு கோடு போட்டுக் காட்டினாள், மேல்தட்டு, கீழ்த்தட்டு.

"அதுக்குத்தான், அன்னிக்கு மட்டும் எல்லாப் பாத்திரத்தயும் மொதல்ல கையால சோப்பு போட்டுத் தேச்சி அடுக்குனேன். எச்சி பூட்ச்சினா அப்பால வெளக்கு கூட இருந்தா தோசமில்லல்ல?"

"தேச்சிட்டு அலசுனியா?"

"எங்க அலசறது? காசு குட்த்து வாங்கற லாரித் தண்ணிக்கா. பாத்திரத்துக்குக் கொயாயத் தொறக்காத, அதுக்குத்தான மிஷின் வாங்கிக்கீறேன்னு மேடம் சொல்லிக்கீறாங்க. அதான் சோப்போட வச்சிட்டேன். மிஷின்தான் கயுவுதே."

சாலையில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. எனக்கு அந்தச் சத்தமே கேட்கவில்லை. நாலு வியாழக்கிழமைகளும் கண்முன் வரிசையாக நின்றன. மூடிய அறைக்குள் மேடம் மீட்டிங்கில் இருக்கிறார். சமையலறையில் இவள் தனியாக நின்று, வேறு யாரோ வணங்குகிற விளக்குக்காக, யாரும் சொல்லாத ஒரு வேலையை இரண்டு மடங்காகச் செய்துகொண்டிருக்கிறாள். அந்தச் சோப்புதான் நான் ரசித்துப் பார்த்த நுரை.

"மேடத்துகிட்ட இத சொல்லியிருக்கலாமே அமுலு."

"இன்னான்னு சொல்றது? நீங்க சாமிய எச்சில வைக்கிறீங்கன்னா? அவங்க ஊட்டு வெளக்கு. நான் சொன்னா நல்லாருக்குமா?" தள்ளி வைத்த டம்ளரைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். "நீங்க கேட்டிருந்தா உங்கக்கிட்ட சொல்லியிருப்பேன்க்கா. நீங்க என்ன ஒரு வார்த்த கேக்கவே இல்லியே."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எந்த இடத்தில் என்று அந்த ஜூஸ் கடையில் தெரிந்துவிட்டது. அழுகை வரும்போல இருந்தது. கடைக்காரர் பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

"தப்பு என்னுதுதான்," என்றேன். "என்ன மன்னிச்சிடு."

"மன்னிப்புலாம் வாணாம்க்கா. வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

மறுபடி ஏழாவது மாடி

என் வண்டியின் பின்னால் அவளை உட்கார வைத்துக்கொண்டு நேராக வானகரம் போனேன். கேட்டில் செக்யூரிட்டி போனைத் தட்டிப் பார்த்து, "அக்கா நீங்க போலாம். இவங்களுக்கு இல்ல," என்றார். மேடத்துக்குப் போன் போட்டேன். மிஷினை இன்னொரு தரம் பார்க்க வேண்டும், அமுலு கூட இருந்தால்தான் பார்க்க முடியும் என்றேன். "போனை செக்யூரிட்டிகிட்ட குடுங்க," என்றார்.

லிஃப்டில் ஏறினோம். ஐந்தாவது மாடி தாண்டும்போதுதான் அன்றைக்கு வியாழக்கிழமை என்பது எனக்கு உறைத்தது.

மேடத்துக்கு அப்போதுதான் மீட்டிங் முடிந்திருந்தது. ஒரு வாரமாகத் தானே பெருக்கி, தானே அடுக்கியதில் கண்ணெல்லாம் களைத்துப் போயிருந்தது. மிஷினின் கதவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் முந்தின ராத்திரித் தட்டுகள், காய்ந்த சோற்றுப் பருக்கையோடு. மேல்தட்டில், டம்ளர்களுக்கு நடுவில், எண்ணெய்ப் பிசுக்கும் கரியுமாகக் காமாட்சி விளக்கு. இன்னும் ஓட்டியிருக்கவில்லை.

"மேடம், போன வாரம் நான் சொன்னதுல பாதிதான் சரி," என்றேன். "சோப்புங்கறது சரி. ஊத்தினாங்கங்கறது என் வாய்க்கொழுப்பு. விசாரிக்காம சொன்னேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, எச்சில் தட்டு, சோப்பு, லாரித் தண்ணீர். அமுலு சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். என் சாமர்த்தியம் எதையும் சேர்க்கவில்லை. அமுலு வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள்தான் தப்பு செய்தவள் போல.

மேடம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பித்தளையும் போடலாம்னு வீடியோல பார்த்தேன்," என்றார் கடைசியில். "மத்தபடி எனக்குத் தோணவே இல்ல. எனக்குத்தானே தோணியிருக்கணும்."

"வெளக்கக் குடுங்க மேடம்," என்றாள் அமுலு. "புளி போட்டுத் தேச்சித் தரேன்."

மேடம் விளக்கை எடுத்துக் கொடுத்தார். அமுலு சிங்க்குக்குப் போனாள். புளியை எடுத்து நனைக்கப் பார்த்து, குழாய்ப் பக்கம் போன கையைப் பழக்கத்தில் இழுத்துக்கொண்டாள். மேடமே போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நன்றாகவே திறந்துவிட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் சமையலறை முழுக்க நிறைந்தது. இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். புளி வாசனையும் பித்தளை வாசனையுமாக வந்தது. கரி கரைந்து ஓட ஓட, விளக்கின் மஞ்சள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மேடம் போனில் எதையோ எழுதி, அழித்து, திரும்ப எழுதினார். எழுதியதை அமுலுவுக்குப் படித்துக் காட்டினார். "மிஷின் கெட்டதுக்கு அமுலு காரணம் இல்ல. நான் சரியா விசாரிக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது." அனுப்பட்டுமா என்று கேட்டார். அமுலு ஈரக்கையோடு தலையை ஆட்டினாள். கேட்டுக்கும் போன் போனது. இனிமேல் பெயர் பச்சையில் வரும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்து ஸ்பேனர் பையைக் கட்ட ஆரம்பித்தேன். "இருங்க, காபி போடறேன்," என்றார் மேடம்.

மெக்கானிக்குக்குப் பொதுவாகப் பேப்பர் கப்பில்தான் காபி வரும். எத்தனையோ வீடுகளில் குடித்திருக்கிறேன், அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அன்றைக்கு எனக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளரில் வந்தது. மேடம் தனக்கும் ஒன்றில் ஊற்றிக்கொண்டார். அமுலுவுக்கு ஊற்ற அவர் கை துணி காயப்போடுகிற பால்கனியின் ஜன்னல் பக்கம் போயிற்று. அங்கே கட்டையில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அதை எடுத்து ஊற்றிக் கொடுத்தார். யோசித்துச் செய்யவில்லை. நாலு வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று.

அமுலு வாங்கி நின்றபடியே குடித்தாள். ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். போன வாரம் வாயைத் திறந்து செய்த காரியம் போதும் என்று சும்மா இருந்தேன்.

குடித்து முடித்ததும் அவள் சிங்க்குக்குப் போகவில்லை, ஜன்னலுக்கும் போகவில்லை. மிஷினுக்கு முன்னால் வந்து குனிந்து மேல்தட்டை வெளியே இழுத்தாள். டம்ளர்களுக்கு நடுவில் விளக்கு இருந்த இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் தன் டம்ளரைக் கவிழ்த்தாள்.

மேடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளக்கு வெளிய வந்துட்ச்சி," என்றாள் அமுலு. குரலில் கோபம் இல்லை. "இப்ப உள்ள கீறதெல்லாம் மன்ஷாளுங்க எச்சிதானே, மேடம்."

மேடம் தன் காபியைக் குடித்து முடித்து, டம்ளரை அதன் பக்கத்தில் கவிழ்த்துவிட்டு, மிஷின் கதவைச் சாத்தினார்.